பெட்டியின் அடிக்கொத்து

அந்த வீட்டில் அடுப்பு பற்றுவதற்கு முன்பே வாய் பற்றிக்கொள்ளும்.

"இது காப்பியா, கழுநீரா? தரகன் வீட்டுல இப்படித்தான் குடிப்பாங்களோ என்னமோ..."

எர்னெஸ்தா கோப்பையை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். தெல்ஃபீனா அடுப்புத் தணலைக் கிளறினாள். மருமகளாக வந்த நாள் முதல் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. தரகன் மகள், அவ்வளவுதான். மகனின் கல்யாணத்துக்கே இழவு வீட்டுக்குப் போவது போலக் கறுப்பு உடையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவள் எர்னெஸ்தா.

அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ரோக்கமோரா என்ற அந்த ஊரின் மேடுகளில் திராட்சைக் கொடி வைத்திருந்தவர்கள் முன்பெல்லாம் அறுத்த பழத்தை வண்டியில் ஏற்றிச் சந்தைச் சதுக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒயின் வியாபாரியின் தரகருக்காக வெயிலில் காத்துக் கிடப்பார்கள். தரகர் வேண்டுமென்றே பொழுது சாயும்போதுதான் வருவார். அதற்குள் அடியில் இருக்கும் பழம் நசுங்கிச் சாறு ஒழுகத் தொடங்கியிருக்கும். தெல்ஃபீனாவின் அப்பா பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டு, இருப்பதிலேயே மோசமான கொத்தை இழுத்து, ஊரே பார்க்க உயர்த்திப் பிடித்து, அதற்கு ஒரு விலை சொல்வார். மேலே இருக்கும் நல்ல பழத்துக்கும் அதே விலைதான். வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகலாம். மறுநாள் அந்தப் பழம் பன்றிக்குக்கூட ஆகாது.

ஒரு வருஷம் எர்னெஸ்தாவின் கணவர் செவெரினோ அந்த விலையைக் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியோடு பழத்தைச் சதுக்கத்துக் கல்லில் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலத்தில் அவரும் இன்னும் சில குடும்பத்தாரும் சேர்ந்து, தேவாலயத்து நிலவறையில் நாலு பீப்பாயை உருட்டி வைத்து, தாங்களே ஒயின் செய்து விற்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்லார் பழமும் ஒரே இடத்துக்கு வரும், தரத்துக்குத் தக்க பங்கு போகும், தரகருக்கு அங்கே வாசல் கிடையாது. நல்ல வருஷங்களில் சிறந்த தோட்டங்களின் பெயரைச் சங்கம் தனியே புட்டியில் போடும். அப்படிப் பெயர் ஏறியதில் செவெரினோ தன் கையால் நட்ட தெஃபென்தெ மேடும் ஒன்று. அவர் போய்ச் சேர்ந்த பிறகு நிலமும் சங்கத்து உறுப்பினர் இடமும் எர்னெஸ்தாவின் பேருக்கு வந்தன.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தரகரின் மகளைத் தன் பெரிய பிள்ளை எவாசியோ காதலித்துக் கூட்டிக்கொண்டு வந்தால் தாய்க்கு வயிறு எரியாதா? எரியும்தான். ஆனால் இத்தனை வருஷமாக அந்த நெருப்பை அணையவிடாமல் விறகு போட்டுக்கொண்டே இருந்தாளே, அதைத்தான் ஊரில் யாரும் கேட்கவில்லை.

அன்று அறுவடையின் கடைசி நாள். தெஃபென்தெ மேட்டின் கடைசிப் பெட்டிகள் முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகு வந்ததால் கொட்டகையிலேயே தங்கிவிட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் அதே வீட்டின் பள்ளத்துத் தோட்டத்துப் பழம் சில பெட்டிகள் இருந்தன. வீட்டுக் குடிக்கு என்று அவ்வளவு மட்டும் வைத்துக்கொள்ளச் சங்கம் அனுமதிக்கும். மேட்டிலிருந்து மட்டும் ஒரு கொத்துகூட வீட்டுக்கென்று எடுக்கக் கூடாது.

தெல்ஃபீனா கோப்பையை எடுக்கக் குனிந்தபோது மாமியாரின் கையைப் பார்த்தாள். முழங்கால் வலியால் இந்த வருஷம் தோட்டத்துப் பக்கமே போகாதவளின் விரல் நகங்களில் ஊதா நிறம் புதிதாக ஏறியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"அத்தை, கையில என்ன..."

"என் கைய நீ ஏன் பாக்குற? உன் வேலையைப் பாரு. எவாசியோ டிராக்டர எடுத்துட்டான், போ."

*

சங்கத்து முற்றத்தில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. குளவிகள் மொய்த்தன. இறக்கும் பெட்டிகளிலிருந்து சாறு பிழிந்து இனிப்பை அளந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தங்கள் பழத்தை இறக்குவதைவிட அடுத்தவன் பழத்துக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்ப்பதில்தான் மும்முரமாக இருந்தார்கள்.

எவாசியோவுக்கு அங்கே தனி மரியாதை. எந்தத் தோட்டத்து ஒயினுக்குப் புட்டியில் பெயர் கொடுக்கலாம் என்று சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் குழுவில் அவனும் ஒருவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் முகர்ந்தே எந்த மேடு என்று சொல்லிவிடுவான் என்று ஊரில் பேர்.

சங்கத் தலைவர் பாவுலின் முதல் பெட்டியின் மேல் கொத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சின்னப் பழம், கெட்டித் தோல், நல்ல நிறம். வழக்கமாக அதோடு விட்டுவிடுவார். அன்று பெட்டியை நகர்த்தும்போது அடியிலிருந்து தண்ணீராகச் சாறு ஒழுகியது அவர் கண்ணில் பட்டுவிட்டது. கையை உள்ளே விட்டார். அடிவரைக்கும் விட்டார். வெளியே வந்த கொத்து பருத்து, வெளுத்து, காம்பு பச்சையாக இருந்தது. ஒரு பழத்தை நசுக்கிக் கொட்டையைப் பார்த்தார். அதுவும் பச்சை.

அவர் அதை உயர்த்திப் பிடித்தார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

தெல்ஃபீனா எவாசியோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். சின்னப் பெண்ணாக அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கை உயர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"இது மேட்டுப் பழம் இல்ல," என்றார் பாவுலின். "பள்ளத்துப் பழம். மேல ஒரு வரிசை நல்லத அடுக்கி, அடியில இத வெச்சிருக்கீங்க. எவாசியோ, என்னப்பா இது?"

எவாசியோவின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்தது. "எனக்கு... எனக்குத் தெரியாது, பாவுலின் அண்ணே."

"நீ சுவைக் குழுவுல இருக்குறவன். உங்கம்மா உறுப்பினர். உறுப்பினரே கலந்தா சங்கத்துலேர்ந்து பேரை எடுத்துருவோம், தெரியுமில்ல? செவெரினோ எழுதின சட்டம் அது."

ஊதா நகங்கள் தெல்ஃபீனாவின் கண்ணுக்குள் வந்து நின்றன. கூடவே இன்னொரு காட்சியும் வந்தது. சதுக்கத்துக் கல்லில் மண்டியிட்டு, கவிழ்ந்த பழத்தில் நசுங்காத கொத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மேல்துணியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"அத்தைக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் தெல்ஃபீனா. "நான்தான் மாத்தி வெச்சேன்."

"நல்ல பழம் எங்க?"

"ரோட்டுல வந்த வியாபாரி லாரிக்கு வித்துட்டேன்."

ஒரு நொடிகூட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் வேதனை. டிராக்டர் மேலிருந்து ஒருவன் காறித் துப்பினான். "அப்பன் புத்தி எங்க போகும்?" என்றான் இன்னொருவன். பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், "செவெரினோ வீட்டுச் சோத்தத் தின்னுட்டு..." என்று இழுத்தது.

உறுப்பினர் அல்லாதவர் செய்த குற்றம் என்பதால் தண்டனை அளவோடு நின்றது. தெல்ஃபீனா இனிமேல் சங்க முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. அந்த வருஷம் தெஃபென்தெ என்ற பெயர் புட்டியில் வராது, மேட்டுப் பழம் முழுவதும் பொதுப் பீப்பாய்க்குப் போகும். எவாசியோ அந்த இடத்திலேயே குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மனைவியை ஏற்றிக்கொள்ளாமல் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனான். அவள் மேடு ஏறி நடந்தே வீடு வந்தாள்.

வாசலில் எர்னெஸ்தா நின்றாள். விஷயம் அவளுக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். எர்னெஸ்தா சொன்னது வேறு.

"நான் சொன்னேனா இல்லையா... தரகன் மகள இந்த வீட்டுப் படி ஏத்தாதேன்னு?"

*

தப்புச் செய்தவளின் கோபத்துக்கு ஈடு எதுவும் இல்லை. அன்று முதல் எர்னெஸ்தாவின் வாய் இருமடங்கு நீண்டது. மருமகள் கிண்டிய சோளக் களியில் உப்பு இல்லை, துவைத்த துணியில் அழுக்குப் போகவில்லை, அவள் நடந்தால் தரை அதிர்கிறது. இந்த வருஷம் வீட்டு ஒயினை நானே செய்வேன் என்று செவெரினோவின் பழைய பீப்பாயைத் தொழுவத்துக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய், அங்கே யாரையும் நெருங்கவிடாமல் காவல் காத்தாள்.

எவாசியோ கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவன் நிலவறைப் பக்கமே போவதை விட்டுவிட்டான். மனைவியோடு பேசுவதையும் விட்டுவிட்டான். எதற்காக விற்றாய் என்று கேட்கவில்லை. எந்த லாரி என்று கேட்கவில்லை. அந்தக் காசு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது, அவனுக்கும் புரிந்திருக்கும். சுவைக் குழுவில் முன்பின் தெரியாதவனின் ஒயினைக்கூட மூன்று தடவை முகர்ந்து, வாயில் உருட்டி, யோசித்துத்தான் தீர்ப்புச் சொல்வான். கட்டியவள் விஷயத்தில் ஒரு தடவைகூட முகர்ந்து பார்க்கவில்லை.

சங்கத்துக் குளிர்கால விருந்துக்கு ஊரே போனது. பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கரைந்து கொதிக்கும் ஒரே சட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து, காய்கறியைத் தோய்த்துத் தின்னும் விருந்து அது. எவாசியோ கதவருகில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டான்.

"நான் வரல," என்றாள் தெல்ஃபீனா.

"உன்னை யாரும் கூப்பிடல," என்றான் அவன்.

தாயும் மகனும் போன பிறகு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இன்றைக்குச் சொல்லிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் எர்னெஸ்தாவின் பெயர் சங்கத்திலிருந்து போகும். அதோடு செவெரினோவின் கொடிக்குப் போக்கிடம் இருக்காது, மறுபடியும் வியாபாரிகளின் லாரியைத்தான் பார்த்து நிற்க வேண்டும். இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனவள், அதில் வெங்காயம் நறுக்கிய வாசனை அடித்ததும் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

*

ஈஸ்டருக்குத் தூரின் நகரத்திலிருந்து சின்ன மகன் தாவியோ வந்தான். கார்த் தொழிற்சாலையில் வேலை. கடைக்குட்டி என்பதால் எர்னெஸ்தாவுக்கு அவன் மேல் உயிர். ஆட்டுக்குட்டி வறுவல் மேசைக்கு வந்ததும் அவள் நொண்டிக்கொண்டே போய் ஒரு கூஜாவில் ஒயின் கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு புது வெளிச்சம்.

"அறுவடைக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு என்ன சொன்ன நீ? வீட்டு ஒயின் தண்ணியா இருக்கு, கடையில சங்கத்துப் புட்டி வாங்கினேன், கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாகுற விலையில அப்பா ஒயின் மாதிரியே இருந்துச்சுன்னு சொன்னியா இல்லையா? இப்ப இதக் குடிச்சுட்டுச் சொல்லு."

தாவியோ ஒரு மடக்கு வாயில் விட்டான். விழுங்க முடியாமல் தட்டில் துப்பிவிட்டான்.

"அம்மா... இது காடிம்மா. சாலட்டுக்குத்தான் ஊத்தலாம்."

"என்னடா சொல்ற?"

"பீப்பாய கழுவுனியா நீ? எத்தனை வருஷமாக் கெடந்துச்சு அது?"

தம்பியின் கோப்பையை எவாசியோ வாங்கிப் பார்த்தான், வெறும் பழக்கத்தில். மூக்கருகே கொண்டு போனான். புளிப்பு குப்பென்று ஏறியது. கீழே வைக்கப் போனவன் நின்றான். மறுபடியும் முகர்ந்தான். அந்தப் புளிப்புக்கு அடியில், வெகு ஆழத்தில், வேறு ஒன்று இருந்தது. காய்ந்த ரோஜாப்பூ வாசனை. வெயிலில் காய்ந்த தார் வாசனை. பள்ளத்துத் தோட்டம் எந்தப் பிறவியிலும் தராத வாசனை.

அவன் மூன்றாம் தடவையும் முகர்ந்தான். பிறகு கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான்.

"அம்மா. இது தெஃபென்தெ."

அவன் தாயின் பக்கம் திரும்பினான்.

"மேட்டுப் பழம் லாரியில போச்சுன்னுதானே சொன்னாங்க. அது எப்படிம்மா உன் பீப்பாய்க்குள்ள வந்துச்சு?"

"நான்தான் கொஞ்சம் எடுத்து..." என்று தெல்ஃபீனா ஆரம்பித்தாள்.

"நீ பேசாத!" எர்னெஸ்தா மேசையில் அறைந்தாள். கூஜா கவிழ்ந்து, ஈஸ்டருக்காக விரித்த வெள்ளைத் துணியில் அந்தக் கெட்டுப்போன ஒயின் பரவியது. "இன்னும் எத்தனை நாளைக்குடி எனக்காகப் பொய் சொல்லுவ? உன்ன யாரு கேட்டா? நான் கேட்டேனா? நாயே பேயேன்னு திட்டுறேன், திரும்ப ஒரு வார்த்த திட்ட மாட்டேங்குற... ராத்திரி படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது, பாவி."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான்தான்டா மாத்தினேன். ரெண்டும் நம்ம வீட்டுப் பழம்தானே, எடை சரியா இருந்தாப் போதும்னு நெனச்சேன். எம்புள்ள கடையில காசு குடுத்து அவங்கப்பன் ஒயின வாங்கிக் குடிக்கணுமா? எம் மேசையில அது இருக்கக் கூடாதா? அதுக்காகத்தான்... நல்ல பழத்தயும் கெடுத்தேன், இவளயும் கெடுத்தேன்."

பிடித்திருந்த நாற்காலி நழுவியது. விழப்போனவளைத் தெல்ஃபீனாதான் பாய்ந்து தாங்கினாள். மாமியார் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி விசும்பி அழுதாள்.

"ஏன்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"உங்க பேரு போனா கொடி போயிரும், அத்தை. எம் பேரு ஏற்கெனவே போனதுதானே." தெல்ஃபீனா மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்தாள். "மாமா வண்டியக் கவுத்த அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். எங்கப்பா கோட்டு நுனியப் பிடிச்சுக்கிட்டு. நீங்க குனிஞ்சு பொறுக்கினீங்க. ஒரு கொத்து என் கால்கிட்ட கெடந்துச்சு. அத எடுத்துக் குடுக்கணும்னு இருந்துச்சு. குடுக்கல."

எவாசியோ மனைவியின் அருகில் வந்தான். தொடத் துணிவில்லாமல் நின்றான்.

"தெல்ஃபீனா... என்னை மன்னிச்சிரு."

"ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் நீங்க," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமலே. "பாப்போம். சாப்பிடுங்க, கறி ஆறுது."

அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதற்கு அவள் ஒன்றும் மெழுகு பொம்மை இல்லை. அன்று இரவு வறுவல் சட்டியை எவாசியோதான் கழுவினான், அதற்குப் பிறகும் பல நாள் அவன்தான் கழுவினான்.

*

மே மாதத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். எர்னெஸ்தா கறுப்பு உடை உடுத்தி, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் கூஜாவுமாக வந்தாள். பின்னால் வந்த தெல்ஃபீனா முற்றத்துக்கு வெளியே தெருவிலேயே நின்றுவிட்டாள்.

எர்னெஸ்தா நேராக மேடைக்குப் போய்ப் பாவுலின் முன்னால் ஒரு கோப்பையை வைத்து ஊற்றினாள்.

"குடி."

அவர் ஒரு வாய் குடித்து இருமினார். "என்ன இது, காடியா?"

"செவெரினோ நட்ட கொடியில வந்தது. மேட்டுப் பழத்த மாத்தி எடுத்தது நான். நான் தனியாப் பண்ணினேன், இப்படி ஆச்சு. உங்களோட சேந்திருந்தா புட்டியில அவரு தோட்டத்துப் பேரு இருந்திருக்கும். எம்மருமக ஒரு கொத்தக்கூடத் தொடல. பழிய மட்டும் தொட்டா."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள்.

"சட்டம் எனக்குத் தெரியும். எம் பேர அடிச்சிருங்க. நிலத்த அவ பேருக்கு எழுதி வெச்சாச்சு. எம் பேரு இருந்த எடத்துல அவ பேர எழுதுங்க."

"தரகன் மகளையா?" என்று பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். "தரகன் வாசல் மிதிக்கக் கூடாதுன்னுதானே சங்கமே ஆரம்பிச்சோம்?"

"ஆமாய்யா, தரகன் மகதான். செவெரினோ பொண்டாட்டி உங்கள ஏமாத்தினா, தரகன் மக உங்க சங்கத்துக்கு ஒரு உறுப்பினர் குடும்பத்தக் காப்பாத்திக் குடுத்தா. யாரு யாருக்குப் பொறந்தாங்கறதுதான் கணக்குன்னா, நம்ம பழத்துல இனிப்ப எதுக்கு அளக்குறோம்? மேட்டுப் பேர மட்டும் பாத்து உள்ள விட்டுரலாமே."

கைகள் உடனே உயரவில்லை. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு வரிசை என்று மெல்ல உயர்ந்தன. சிலர் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பாவுலின் தாமே எழுந்து தெருவுக்குப் போய், "உள்ள வாம்மா," என்றார்.

அந்த வருஷத்து அறுவடையில் தெஃபென்தெ மேட்டின் முதல் வண்டியைத் தெல்ஃபீனாதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு எர்னெஸ்தா உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சிலருடைய பார்வை இன்னமும் நல்லதாக இல்லை. பாவுலின் மேல் கொத்தைப் பார்த்தார், போதும் என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

தெல்ஃபீனா இறங்கி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தன் பெட்டிக்குள் தானே கையை விட்டாள். அவளுடைய அப்பா விட்டது போலவே. அவள் விரல்கள் அங்கேயே ஒரு கணம் தயங்கின.

வண்டி மேலிருந்து எர்னெஸ்தாவின் குரல் வந்தது.

"தெல்ஃபீனா, இன்னும் அடியில விடு. நல்லா அடிவரைக்கும் விட்டு எடுத்துக் காட்டு."

அத்தனை வருஷத்தில் அன்றுதான் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தெல்ஃபீனா பெட்டியின் அடியைத் தொட்டு, அங்கிருந்து ஒரு கொத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தாள்.